எலும்பில் ஒரு கறுப்புப் புள்ளி: புற்றுநோயா, பழைய அடியா?

பெரியம்மாவின் எலும்பு ஸ்கேன் அறிக்கை வந்த அன்று வீட்டில் மதியச் சமையல் நடக்கவில்லை. இரண்டு பக்க அறிக்கை, முழுவதும் ஆங்கிலம். அண்ணன்தான் வாசித்துச் சொன்னார். இடுப்புப் பகுதியில் நான்காவது முதுகெலும்புக்குப் பக்கத்தில், இடப்புறம் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. தேய்மானமாக இருக்கலாம். புற்றுநோய் பரவியிருக்கும் வாய்ப்பையும் மறுப்பதற்கில்லை. செய்தி இவ்வளவுதான். ஆனால் "மறுப்பதற்கில்லை" என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லாரும் "உறுதி" என்றே எடுத்துக்கொண்டோம்.

பெரியம்மாவுக்கு வயது 62. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே 20 ஆண்டுக்கு மேல் பால் மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயமும் போனது. இப்போது கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார். நான்கு ஆண்டுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மருந்தெல்லாம் முடித்துவிட்டார். பிறகு இடுப்பு வலி வந்தது. வலி நிற்காததால் எலும்பு ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கைதான் மேலே சொன்னது. அடுத்த மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் அந்த வரியின் பொருளை எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. மருத்துவமனை எது என்பது இங்கு முக்கியமில்லை. இது பல இடங்களில் நடக்கிறது.

நான் இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் படித்தவள். என் அறிவியல் எஸ்.பி.எம். தேர்வோடு நின்றது. பெரியம்மாவோடு மருத்துவமனைக்கு அலைந்தபோது கேட்டதையும் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதே வரியை இன்னொரு வீட்டில் யாராவது வாசித்துவிட்டு அடுப்பை அணைத்திருக்கக்கூடும்.

முதலில் அந்தக் கறுப்புப் புள்ளி என்ன என்று பார்ப்போம். எலும்பு என்றால் நமக்குக் கல் மாதிரி ஒரு பொருள்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் எலும்பு உயிருள்ளது. அதன் ஒரு பக்கத்தைச் சில செல்கள் அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் வேறு செல்கள் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். எங்காவது அடிபட்டால், எலும்பு முறிந்தால், மூட்டுத் தேய்ந்தால், கிருமி புகுந்தால், கட்டி வளர்ந்தால் அந்த இடத்தில் கட்டுமான வேலை மும்முரமாகும். எலும்பு ஸ்கேன் கண்டுபிடிப்பது இந்த மும்முரத்தைத்தான். அது கட்டியைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. எங்கே வேலை அதிகம் நடக்கிறது என்று மட்டும் காட்டும் கருவி.

எப்படிக் காட்டுகிறது? எலும்புக் கட்டுமானத்துக்குப் பாஸ்பரஸ் சேர்ந்த பொருள்கள் தேவை. அப்படிப்பட்ட ஒரு பொருளோடு டெக்னீசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஒட்டி, கை நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு அது கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து வெளிவரும் காமா கதிரைப் படுக்கைக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் கேமரா பிடித்துப் படமாக்குகிறது. வெள்ளைத் தாளில் சாம்பல் நிற எலும்புக்கூடு. கதிர் அதிகம் வரும் இடம் கறுப்பு. 206 எலும்புகளையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம் என்பது இதன் பெரிய பலம். எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்த பிறகே சாதாரண எக்ஸ்ரேயில் பல கோளாறுகள் தெரியும். எலும்பு ஸ்கேன் அதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

டெக்னீசியம் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, "செயற்கையானது" என்று பொருள். 1937இல் கண்டறியப்பட்ட இதுதான் மனிதன் செயற்கையாக உண்டாக்கிய முதல் தனிமம். மருத்துவமனைகளுக்கு அது வந்து சேரும் விதத்தைத் தோட்டத்துக்காரர்கள் ரசிப்பார்கள். ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம் என்ற தாய்த் தனிமம் இருக்கும். அது சிதையச் சிதைய டெக்னீசியம் ஊறும். காலையில் வந்து உப்பு நீரை உள்ளே விட்டால் டெக்னீசியம் அதில் கரைந்து வெளியே வரும். மறுநாள் திரும்பவும் ஊறியிருக்கும். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் அவர்கள் வைத்திருக்கும் பெயரே "பால் கறப்பது"தான். பெரியம்மாவிடம் சொன்னபோது, "அப்போ அவுங்களும் விடியக்காலையில எந்திரிக்கணும்னு சொல்லு" என்றார். அந்த மூன்று வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இன்னொரு செய்தியும் எனக்குப் பிடித்தது. டெக்னீசியத்தை எலும்புக்குக் கொண்டு சேர்க்கும் பாஸ்பேட் வகைப் பொருளை 1971இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் உருவாக்கி வெளியிட்டவர்கள் இருவர். ஒருவர் ஜான் மெக்காஃபி, இன்னொருவர் கோபால் சுப்பிரமணியன். இன்றைக்கு உலகம் முழுவதும் எலும்பு ஸ்கேனுக்குப் பெருமளவில் பயன்படும் மருந்தும் அதே குழுவிடமிருந்து 1975இல் வந்ததுதான். அந்தப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இனி சிக்கலுக்கு வருவோம்.

மலைமேல் நின்று தோட்டத்தைப் பார்க்கிறீர்கள். தூரத்தில் புகை தெரிகிறது. ஏதோ எரிகிறது என்பது உறுதி. ஆனால் எரிவது வீடா, குப்பையா, யாராவது கல்யாணத்துக்கு விறகடுப்பு மூட்டியிருக்கிறார்களா என்று புகையை வைத்துச் சொல்ல முடியாது. அது எந்த வீட்டு வாசலிலிருந்து எழுகிறது என்பதும் தெரியாது. எலும்பு ஸ்கேன் காட்டுவது இந்தப் புகையை. அதுவும் உடம்பின் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த தட்டையான படம். முதுகெலும்பின் உடலில் இருக்கும் புள்ளியும் அதற்குப் பின்னால் இருக்கும் சிறு மூட்டின் புள்ளியும் ஒரே இடத்தில் இருப்பது போலத்தான் தெரியும்.

இதை முப்பரிமாணமாகப் பார்க்க ஸ்பெக்ட் என்ற முறை இருக்கிறது. கேமரா உடம்பைச் சுற்றி வந்து பல கோணங்களில் பிடித்த படங்களைக் கணினி துண்டு துண்டாக அடுக்கித் தரும். இப்போது புகை எவ்வளவு ஆழத்தில் எழுகிறது என்று தெரியும். ஆனாலும் படம் மங்கலாகவே இருக்கும், எலும்பின் வடிவம் தெளிவாகத் தெரியாது. வடிவத்தைத் துல்லியமாகக் காட்டுவது சி.டி. ஸ்கேன். அதற்கோ எங்கே வேலை மும்முரம் என்று தெரியாது. 62 வயதுக்காரரின் முதுகெலும்பை சி.டி.யில் பார்த்தால் பத்து இடத்தில் தேய்மானம் இருக்கும். அதில் எது இப்போது தொல்லை கொடுக்கிறது என்று அது சொல்லாது.

இரண்டையும் சேர்த்தால்? ஒரு நாள் ஒரு மருத்துவமனையில் ஸ்பெக்ட், இன்னொரு நாள் இன்னோர் இடத்தில் சி.டி. எடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. படுத்த விதம் மாறும், முதுகின் வளைவு மாறும். முதுகெலும்பில் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் தீர்ப்பே மாறிவிடும். அமெரிக்காவில் புரூஸ் ஹசெகாவா என்ற இயற்பியலாளரின் குழு 1990களின் தொடக்கத்தில் செய்துகாட்டியது இதற்கான விடையை: ஒரே கருவி, ஒரே படுக்கை. நோயாளி அசையாமல் படுத்திருக்க, இரண்டு படமும் அடுத்தடுத்து எடுக்கப்படும். 1999இல் இது விற்பனைக்கு வந்தது. இதைத்தான் ஸ்பெக்ட்-சி.டி. என்கிறார்கள். சி.டி. தரும் சாம்பல் நிற எலும்பின்மேல், வேலை நடக்கும் இடம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். புகையும் தெரிகிறது, வீட்டு எண்ணும் தெரிகிறது.

பெரியம்மாவின் விஷயத்தில் இது எப்படி உதவியது என்று சொன்னால் விளங்கும். நம் முதுகெலும்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் கனமான உடல் பகுதி இருக்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் சிறு மூட்டுகள் இருக்கின்றன, அவைதான் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் கொக்கி போலப் பிணைக்கின்றன. உடல் பகுதியையும் மூட்டுகளையும் இணைப்பது ஒரு குறுகிய பாலம். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவும்போது பெரும்பாலும் உடல் பகுதியின் பின்புறத்திலும் அந்தப் பாலத்திலும் குடியேறுகிறது. வயதான தேய்மானம் சிறு மூட்டில் வருகிறது. இரண்டுக்கும் இடையில் தூரம் ஓரிரு சென்டிமீட்டர்தான். பழைய தட்டைப் படத்தில் அந்த வித்தியாசத்தைக் காண முடியாது.

மூன்று வாரம் கழித்துப் பார்த்த மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு ஸ்பெக்ட்-சி.டி.க்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் படத்தில் ஆரஞ்சு நிறம் முழுவதும் இடப்பக்கச் சிறு மூட்டின்மேல் அமர்ந்திருந்தது. மூட்டின் இடைவெளி சுருங்கி, ஓரத்தில் எலும்பு முள் முளைத்திருந்தது. பாலமும் உடல் பகுதியும் சுத்தமாக இருந்தன. தேய்மானம். திரையில் இதைக் காட்டி மருத்துவர் விளக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாளி தூக்கித் தூக்கித் தேஞ்சது பிள்ள அது" என்றார்.

எல்லார் கதையும் இப்படி முடிவதில்லை. அதே கருவி, அதே வகைப் புள்ளியை வைத்து, "பரவியிருக்கிறது" என்றும் சொல்லும். அதுவும் பயனுள்ள பதிலே. மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் போகக்கூடியவை. போயிருக்கிறது என்று சீக்கிரம் தெரிந்தால் எலும்பு நொறுங்கும் முன் கதிர்வீச்சு கொடுக்கலாம், மருந்தை மாற்றலாம், நரம்பு நசுங்கிக் கால் செயலிழப்பதைத் தடுக்கலாம். இரண்டு பதிலில் எது வந்தாலும், "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்ற நிலையைவிட மேல் என்பது அந்த மூன்று வாரத்தைக் கடந்த என் கருத்து.

இன்னொரு வகை வீட்டையும் சொல்ல வேண்டும். அங்கே முன்பு புற்றுநோயே இருந்திருக்காது. பதினைந்து வயதுப் பையன். தொடையில் வலி. பகலில் பந்து விளையாடுவான், இரவில் வலியால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். வலி மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். "வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு கொஞ்சம் தடித்திருப்பது போல இருக்கும், தெளிவாக ஒன்றும் தெரியாது. இது ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற சின்னஞ்சிறு கட்டியின் அச்சு அசலான அடையாளம். புற்றுநோய் அல்ல. பரவாது. பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் வலியைத் தூண்டும் பொருளை அது சுரந்துகொண்டே இருப்பதால் தூக்கத்தைக் கெடுக்கும். சிறு பிள்ளைகளின் முதுகெலும்பில் வந்தால் முதுகே ஒரு பக்கம் கோணிப்போகும்.

இந்தக் கட்டியின் நடுக்கரு மிளகு, கடலை அளவுதான். அதைச் சுற்றி எலும்பு தடித்து மறைத்துவிடுவதால் தேடுவது சிரமம். எலும்பு ஸ்கேனில் இது அடர்த்தியான ஒரு கறுப்புப் புள்ளியாகவும் அதைச் சுற்றி மங்கலான நிழலாகவும் தெரியும். ஸ்பெக்ட்-சி.டி. அந்தப் புள்ளி எலும்பின் எந்தச் சுவரில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். இடம் தெரிந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. சி.டி. படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி போன்ற கம்பியை உள்ளே செலுத்தி, ஏறத்தாழ 90 டிகிரி சூட்டில் சில நிமிடம் சுட்டால் கரு அழிந்துவிடும். பலரும் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

அதே வயது, அதே கால். ஆனால் வலி முழங்காலுக்குச் சற்று மேலேயோ கீழேயோ, நாளுக்கு நாள் கூடுகிறது, வீக்கம் தெரிகிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை. இது ஆஸ்டியோசர்கோமா என்ற உண்மையான எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம். அரிதானது, ஆனால் வருவது பெரும்பாலும் பதின்ம வயதில், முழங்காலை ஒட்டித்தான். பந்து விளையாடும்போது விழுந்ததால் வீங்கியது என்றே வீட்டில் நினைப்பார்கள். கீமோ மருந்து வருவதற்கு முன் காலை எடுத்தும் பிழைத்தவர்கள் குறைவு. இன்று நோய் வேறு இடத்துக்குப் பரவும் முன் வந்துசேர்ந்தால் பத்துப் பேரில் ஆறேழு பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள், பலருக்குக் காலையும் காப்பாற்றிவிடுகிறார்கள். இங்கே நேரம்தான் உயிர். எண்ணெய் போட்டு உருவிவிடுவதற்குப் போன வாரங்கள் திரும்பக் கிடைக்காது. நம் தாத்தா பாட்டி வைத்தியத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காரணம் தெரியாத வீக்கத்தை அழுத்தி உருவுவது ஆபத்து, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இரவில் எழுப்பும் வலி, இரண்டு மூன்று வாரத்தில் குறையாத வீக்கம் இரண்டில் ஒன்று இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு எக்ஸ்ரேயாவது கேளுங்கள். முதல் படி என்றும் எக்ஸ்ரேதான். அது மலிவானது, பல கட்டிகளை அதிலேயே அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணம் வந்துவிடக் கூடாது. ஸ்பெக்ட்-சி.டி. எல்லாவற்றையும் தீர்த்துவைக்கும் என்று நான் சொல்லவில்லை. கட்டி தசைக்குள், நரம்பை ஒட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். கட்டியின் பெயரைக் கடைசியாக எழுதுவது நுண்ணோக்கிதான், அதாவது சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. இணைப்புப் படம் அதற்கும் வழிகாட்டும். பெரிய கட்டியில் எந்த மூலை மும்முரமாக இருக்கிறதோ அங்கே ஊசி போட வேண்டும், செத்துப்போன பகுதியிலிருந்து எடுத்தால் விடை கிடைக்காது. பயாப்சி பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எலும்புப் புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால், பின்னால் அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே, அல்லது அவர்களின் ஆலோசனையோடு, ஊசி போட வேண்டும். ஊசி போன பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டியெடுக்க வேண்டியிருக்கும் என்பதே காரணம். "பக்கத்து ஊரிலேயே எடுத்துடலாம்" என்ற அவசரம், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்கவைக்கலாம்.

எலும்பு ஸ்கேன் ஏமாறும் இடமும் உண்டு. கட்டுமானம் நடந்தால்தான் அது காட்டும் என்று சொன்னேன். சில நோய்கள் எலும்பை அரிக்க மட்டுமே செய்யும், திரும்பக் கட்டவிடாது. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய் அப்படிப்பட்டது. எலும்பில் ஓட்டைகள் இருந்தும் ஸ்கேன் சுத்தமாகத் தெரியலாம். அதற்கு பெட்-சி.டி. என்ற இன்னோர் இணைப்புக் கருவி ஏற்றது. அது புற்றுச் செல்கள் சர்க்கரையை விழுங்கும் வேகத்தைப் படமாக்குகிறது. 2000ஆம் ஆண்டின் சிறந்த மருத்துவக் கண்டுபிடிப்பு என்று டைம் இதழ் அதைத்தான் தேர்ந்தெடுத்தது. நம்மில் இனிப்புநீர் உள்ளவர்கள் அதிகம் என்பதால் இங்கே ஓர் எச்சரிக்கை: அந்தச் சோதனைக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள், இரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் படம் கெட்டுவிடும், வேறு நாளைக்கு மாற்றிவிடுவார்கள். மாத்திரை, இன்சுலின் இரண்டையும் என்ன செய்வது என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வழக்கம்போல் போட்டுக்கொண்டு போகவும் வேண்டாம். பெரியம்மா செய்துகொண்ட ஸ்பெக்ட்-சி.டி.க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. காலையில் தோசை சாப்பிட்டுத்தான் போனார்.

பயம் வேறொரு இடத்தில் இருந்தது. கதவுக்கு மேல் "பெருபாத்தான் நுக்லியார்" என்று எழுதியிருந்தது. அணு மருத்துவம். பெரியம்மா அந்தப் பலகையைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கைச் சின்னம் வேறு. என்னிடமும் பதில் இல்லை, தாதியைத்தான் கேட்டேன்.

டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். காலை எட்டு மணிக்கு ஊசி போட்டால் மதியம் இரண்டு மணிக்குப் பாதி, இரவு எட்டுக்குக் கால், மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. அதிலும் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால்தான் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். எலும்பு ஸ்கேனில் உடம்புக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு ஏறத்தாழ 4 மில்லிசீவர்ட். மண், கல், வானம் ஆகியவற்றிலிருந்து மனிதருக்கு ஓர் ஆண்டில் இயல்பாகவே கிடைப்பது உலகச் சராசரியில் 2.4. சி.டி. சேரும்போது கொஞ்சம் கூடும், எவ்வளவு என்பது எந்தப் பகுதியை எடுக்கிறார்கள், எவ்வளவு தெளிவு தேவை என்பதைப் பொறுத்தது. உடம்பு முழுவதையும் எடுக்காமல் சந்தேகமான பகுதிக்கு மட்டும் சி.டி. எடுப்பதும் அதனால்தான். கதிர்வீச்சே இல்லை என்று சொல்ல முடியாது. தேவை இருக்கும்போது தயங்கும் அளவுக்கும் இல்லை. கர்ப்பமாக இருப்பவர், இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர், தாய்ப்பால் கொடுப்பவர் மட்டும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அன்று முழுவதும் கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம் என்பார்கள். பேரப்பிள்ளையை ஒரு நாள் தள்ளி வைப்பதுதான் பெரியம்மாவுக்கு ஊசியைவிடப் பெரிய வேதனையாக இருந்தது.

சோதனை நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஊசி போட ஐந்து நிமிடம். பிறகு மருந்து எலும்பில் ஊற இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே போய்ச் சாப்பிட்டு வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் இடுப்பு எலும்பை அது மறைத்துவிடும். முழு உடம்புப் படத்துக்கு அரை மணி நேரம் வரை, ஸ்பெக்ட்-சி.டி.க்கு இன்னும் அதே அளவு நேரம், அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதுகு வலியோடு படுப்பது சிரமமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், வலி மாத்திரை கொடுப்பார்கள். படத்தில் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் கறுப்பாகத் தெரியும், அது இயல்பு. பிள்ளைகளுக்கு முழங்கால், தோள் எல்லாம் கறுப்பாகத் தெரியும், எலும்பு வளரும் இடம் அது. அறிக்கையோடு படத்தைக் கையில் கொடுத்தால் நீங்களே புள்ளிகளை எண்ண வேண்டாம். நாங்கள் எண்ணினோம். ஏழு என்று கணக்குப் போட்டு அழுதோம். அதில் இரண்டு சிறுநீரகம்.

விழுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பல ஆண்டு ஆனாலும் சரி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தது, குளியலறையில் வழுக்கியது, பல் பிடுங்கியது, மூட்டில் இரும்பு வைத்தது எல்லாமே படத்தில் புள்ளியாக வரக்கூடியவை. விலா எலும்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாகப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் அடி. ஒரே எலும்பில் நீளவாக்கில் ஓடினால்தான் மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். கீழே விழுந்ததை மகளிடம் சொன்னால் திட்டுவாள் என்று மறைத்த ஒருவருக்கு அந்த ஒரு தகவல் இல்லாததால் வீண் அலைச்சல் வரலாம். பழைய எக்ஸ்ரே, பழைய அறிக்கை இருந்தால் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துப் போங்கள். இரண்டு ஆண்டுக்கு முன்பும் அதே இடத்தில் அதே அளவில் இருந்த புள்ளி பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

அணு மருத்துவப் பிரிவு எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் இல்லை. புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம், கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், பினாங்கு மருத்துவமனை, ஜோகூர் பாருவின் சுல்தானா அமினா போன்ற பெரிய இடங்களில்தான் இருக்கிறது. நேரே போய் வரிசையில் நிற்க முடியாது, நிபுணரின் கடிதம் வேண்டும். தனியார் மருத்துவமனையில் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் கட்டணம் ஆயிரக்கணக்கான ரிங்கிட் வரை போகும். அரசாங்க மருத்துவமனையில் அதில் சிறு பங்குதான், காத்திருப்பு அதிகம். தோட்டத்திலிருந்து வருபவருக்குச் சோதனைக் கட்டணத்தைவிட, ஒரு நாள் கூலி போவதும் கூட வருபவரின் கூலி போவதும் வண்டிச் செலவும்தான் பாரம். ஊசி, காத்திருப்பு, படம் எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாள் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பயணச் செலவுக்குச் சிரமப்படுபவர்கள் மருத்துவமனையிலேயே இருக்கும் சமூகநலப் பிரிவைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கமில்லை.

அறிக்கையில் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "டாக்டர், அந்தப் புள்ளி எலும்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது? ஸ்பெக்ட்-சி.டி. எடுத்தால் தெளிவாகுமா, இல்லை எம்.ஆர்.ஐ. வேண்டுமா?" மலாயில் கேட்கத் தெரியாவிட்டால் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், அல்லது பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா பயந்துவிடுவார் என்று மகனும், மகன் பயந்துவிடுவான் என்று அப்பாவும் தனித்தனியாக மருத்துவரைப் பார்க்கும் குடும்பங்களை நான் அந்த வராந்தாவில் பார்த்தேன்.

பெரியம்மா இப்போது வாரம் ஒருமுறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போகிறார். வலி முழுதாகப் போகவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், வலியின் தன்மை மாறினால் அதற்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டைச் சாமி மேடைக்குப் பக்கத்து இழுப்பறையில், மைகார்டு நகலோடு சேர்த்து வைத்திருக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டதும், பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "ராத்திரியில எழுப்புதா?"